ஒதிலின் கட்டைவிரல்

ஒதில் பூலியான் உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகில் அச்சடித்திருந்த நம்பரைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கலங்கிப்போனேன்.

இதில் கலங்க என்ன இருக்கிறது என்பீர்கள். நம்பர் போட்டிருப்பதே படிக்கத்தானே? கடைக்காரன் படிக்கலாம். லீவு நாளில் சொந்த வீட்டுச் சுவரைச் சுரண்டிக் கெடுக்கிறவர்கள் படிக்கலாம். ஒதில் படித்து நான் பார்த்ததே இல்லை. காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். மடியில் தாள்கத்தையை வைத்துக்கொண்டு கட்டைவிரலை ஒரு ஓட்டம் விடுவாள். "இது மூலைக்கு. இது கடைசிக் கைக்கு. இதைக் குப்பையில போடு, பாதி மண்ணு உதிர்ந்துபோச்சு." வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல் பிரித்துக்கொண்டிருக்கும், கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். பெரும்பாலும் என் வேலையில் தப்புத் தேடிக்கொண்டிருக்கும்.

நான் மூரியேல், பெயின்டர். ஒதில் பட்டிக்காரி. பனி உறைகிற எங்கள் சாகெனே பக்கத்தில் அந்த வேலைக்கு 'மூட்டு இழுப்பது' என்று பேர். தச்சர்கள் ஜிப்சம் பலகைகளைத் திருகி நிறுத்திவிட்டுக் கைகழுவிப் போய்விடுவார்கள். பலகையும் பலகையும் சேருகிற மூட்டில் காகித டேப்பை ஒட்டி, பட்டி இழுத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி இழுத்து, மறுபடி தேய்த்து, அங்கே மூட்டு என்று ஒன்று இருந்ததையே மறக்கடிப்பது ஒதிலின் வேலை. அவளுக்குப் பின்னால் பிரைமர் வாளியோடு வருகிறவள் நான். மாமியார் மருமகள் உறவுதான். சுவரில் கோடு தெரிந்தால் அவள் என் பெயின்டைச் சொல்வாள், நான் அவள் பட்டியைச் சொல்வேன்.

பிரைமர் அடிக்கும் முன்னாலும், அது காய்ந்த பிறகும், விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து, குறை தெரிகிற இடத்தில் பென்சிலால் வட்டம் போடுவது பெயின்டரின் உரிமை. பேனாவால் போடக்கூடாது. மை எத்தனை கை அடித்தாலும் மேலே கசிந்து வரும். மற்றவர்கள் சுவரில் வட்டம் போட்டுப் போட்டே என் பென்சில் தேய்ந்துவிடும். ஒதில் சுவரில் ஒரு வட்டம் கிடைத்தால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. அதற்காகவே அவள் சுவரை மட்டும் இரண்டு தடவை பார்ப்பேன்.

அவள் இந்த வேலைக்கு நேர்வழியில் வந்தவள் இல்லை. காகித ஆலைக் கேன்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆலை மூடியதும் கட்டட வேலையில் கூட்டிப் பெருக்க வந்தாள். எவ்வளவு கூட்டினாலும் தூசி தீரவில்லை. ஒருநாள் எரிச்சல் தாங்காமல், தேய்த்துக்கொண்டிருந்தவனிடம் போய், "இவ்வளவு தூசி கொட்டுதுன்னா நீ அவ்வளவு மோசமா இழுத்திருக்கேன்னு அர்த்தம்" என்றாள். அவன் பட்டிக் கரண்டியை நீட்டி, "நீ இழு பார்ப்போம்" என்றான். வாங்கிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவே இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

உப்புத்தாள் விஷயத்தில் அவளுக்குச் சாமி கும்பிடுகிற மாதிரி ஒரு கறார். நம்பர் ஏற ஏறத் தாள் மிருதுவாகும். எண்பது என்றால் நறநற. கல்லாய் இறுகிவிடுகிற அவசரப் பட்டியைச் சீவத்தான் லாயக்கு. முதல் கைக்கு நூற்றிருபது, கடைசிக் கைக்கு நூற்றெண்பது. அதையும் அப்படியே சுவரில் வைக்கமாட்டாள். புதுத்தாளை இன்னொரு தாளோடு தேய்த்து அதன் திமிரை அடக்கிவிட்டுத்தான் வைப்பாள். பட்டியைத் தேய்க்கலாம், பக்கத்தில் இருக்கிற பலகைக் காகிதத்தைத் தொடக்கூடாது. தொட்டால் காகிதம் பஞ்சு பஞ்சாய் எழும்பும், எத்தனை பெயின்ட் அடித்தாலும் படியாது.

போன வருஷம் அவளுக்குக் குடலில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது எதிர்ச் சுவரை முறைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எவன்டி இதை இழுத்தது? எல்லா மூட்டும் தெரியுது. இதப் பார்த்துக்கிட்டே செத்தா எனக்கு மோட்சம் கிடைக்காது."

"வாயை மூடிட்டுச் சூப்பைக் குடி."

குடித்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "மூரியேல், வீட்டுக்குப் போகணும்னு எனக்கு அடிச்சுக்கல. வீட்ல பூனைதான் இருக்கு. வேலைக்குத் திரும்பணும்டி. அதுக்காகத்தான் இவனுங்க குத்துற ஊசியெல்லாம் வாங்கிக்கிறேன்."

கிறிஸ்துமஸ் முடிந்ததும் திரும்பி வந்தாள். முடி கட்டையாக முளைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் வாளிகளைத் தட்டி வரவேற்றோம். அதற்குப் பிறகுதான் சின்னச் சின்னதாக நான் பார்க்க ஆரம்பித்தேன். கரண்டி இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. சில்லென்ற சோடா டப்பாவை நீட்டினால் வாங்கமாட்டாள். சாப்பாட்டு நேரத்தில், சூடாக்கின இறைச்சிப் பணியாரத்தைக் கையால் தொட்டுப் பார்க்காமல், டப்பாவோடு கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

இந்த மார்ச்சில் லா பே ஊரில் முதியோர் நடனக் கூடம் கட்டினோம். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே உறைந்த விரிகுடாவும், பனிக்கட்டிமேல் நிற்கிற மீன்பிடிக் குடிசைகளும். வடக்கே ஒரே நீளச் சுவர், கண்ணாடியிலிருந்து மேடை வரைக்கும். சாயங்காலம் சூரியன் இறங்கும்போது வெயில் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டு படுத்துப் போகும். பட்டிக்காரருக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் இருந்தாலும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். முதியோர் சங்கத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில்தான் பார்க்க வருவதாக இருந்தது.

வாரத் தொடக்கத்தில் மேஸ்திரி ஜெர்வே என்னை வண்டிப் பக்கம் கூப்பிட்டான்.

"ஒதில் நல்லாத்தானே இருக்கா?"

"என்னை ஏன் கேக்குற? அவளைக் கேளு."

"கேட்டா பட்டியை என் மூஞ்சியில அப்புவா." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "பாரு மூரியேல், அவ மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா சுவர் உச்சி எட்டணும்னு ரெண்டு கால்லயும் பொய்க்கால் கட்டிக்கிட்டு உயரத்துல நிக்கிற ஆளு. விழுந்தா நான் என்ன செய்வேன்? அல்மா ஊர்ல ஒருத்தன் மெஷின் வெச்சுத் தேய்க்கிறான். கூப்பிட்டா உடனே வந்துடுவான். நீ அவ கூடவே இருக்கிறவ. ஏதாவது பார்த்தா சொல்லு."

"நான் பெயின்டர். போலீஸ் இல்ல."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒதில் எதற்காக ஊசியெல்லாம் வாங்கிக்கொண்டாளோ, அது இப்போது என் வாயில் தொங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் அவள் வீட்டுக்குப் போய்ப் பூனையோடு உட்கார வேண்டியதுதான். சொல்லாமல் இருந்து அவள் விழுந்தால்? அதை நான் யோசிக்கவே விரும்பவில்லை.

புதன்கிழமை காலையில்தான் அவள் நம்பரைப் படிக்கிறதைப் பார்த்தேன். நீளக் கைப்பிடிக் கட்டையில் மாட்ட, தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து வைத்திருந்தாள். ஒன்றை எடுத்தாள், திருப்பினாள், படித்தாள், மாட்டினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. மேடைப் பக்கம் போய் என் வேலையைப் பார்த்தேன். மதியத்துக்குப் பிறகு பிரைமர் வாளியோடு நீளச் சுவருக்கு வந்து, வழக்கப்படி விளக்கைச் சாய்த்தேன்.

சுவர் முழுக்கக் கீறல். ஒரு இடத்தில் இரண்டு இடத்தில் இல்லை. கண்ணாடியிலிருந்து மேடை வரைக்கும், கீழிருந்து மேல்வரைக்கும், கோழி சீய்த்த மாதிரி. மூட்டின் ஓரங்களில் பலகைக் காகிதம் வெள்ளைப் பஞ்சாய் எழும்பி நின்றது. நான் விளக்கை உடனே அணைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

அவள் கூடையைக் கிளறினேன். எல்லாப் பட்டைகளின் முதுகிலும் '80' என்று இருந்தது. ஒன்றைத் தவிர எல்லாம் நூற்றெண்பது. கிழித்த கிழியலில் முன்னால் இருந்த '1' போய், '80' மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த ஒன்றுதான் நிஜ எண்பது, மூலையில் இறுகிப்போன பட்டியைச் சீவ வைத்திருந்தது. நிறமும் ஒன்று, அகலமும் ஒன்று. அந்தப் பட்டைதான் தேய்ந்து வெளுத்துப்போய் அவள் கைப்பிடியில் இன்னும் மாட்டியிருந்தது. நானாக இருந்தால்கூட விரல் பட்டதுமே தெரிந்திருக்கும். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஒதில் மூலையில் பொய்க்கால் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். நேராகப் போனேன்.

"இறங்கு."

"உனக்கு என்ன வந்துச்சு?"

"இறங்குடி."

பொய்க்காலை அவிழ்த்துவிட்டு வாளிமேல் உட்கார்ந்தாள். நான் இரண்டு பட்டைகளை எடுத்து, நம்பர் என் பக்கம் இருக்கும்படி நீட்டினேன். "எது எண்பது?"

சிரித்தாள். "என்ன விளையாட்டு இது?"

"சொல்லு."

கட்டைவிரலை வைத்தாள். ஒன்றில் ஓட்டினாள், இன்னொன்றில் ஓட்டினாள், மறுபடி முதலில் வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண்ணில் மட்டும் பயம் ஏறியது. இடது பக்கத்தைத் தொட்டாள். அது நூற்றெண்பது.

 என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"கையுறை போட்ட மாதிரி இருக்குடி" என்றாள் மெதுவாக. "கழட்டவே முடியாத கையுறை. மருந்து நின்னா சரியாயிடும்னாங்க. நின்ன பிறகுதான் கூடிப்போச்சு. திரும்ப வந்தாலும் வரும், வராமலும் போகுமாம். டாக்டரே தோளைக் குலுக்குறான்."

"கால்?"

அவள் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள்.

"ஒதில், கால்?"

"முழங்காலுக்கு மேல நல்லா இருக்கு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் யாரும் யாருடைய அம்மாவையும் இழுப்பதில்லை. மாதா கோயில் பீடத்துச் சாமான்களைத்தான் இழுத்துத் திட்டுவோம். நான் அப்பம், கிண்ணம், பேழை எல்லாவற்றையும் இழுத்தேன். "பாதம் எங்க இருக்குன்னு தெரியாமதான் இத்தனை நாளும் கட்டைக்கால்மேல ஆடிக்கிட்டு இருந்தியா? மண்டை உடைஞ்சு செத்திருந்தா?"

"சாகலையே." தலையைத் தூக்கினாள். "ஜெர்வேகிட்டச் சொல்லப்போறியா?"

"பொய்க்கால் கட்டினா சொல்லுவேன். சாமி சத்தியமா சொல்லுவேன். சாரத்துல ஏறி வேலை செய்."

ஒத்துக்கொண்டாள். சக்கரம் வைத்த சாரத்தை நான் தள்ள, அவள் மேலே நின்று, கீறின சுவர் முழுக்க மெல்லிசாக இன்னொரு கை பட்டி இழுத்தாள். இழுப்பதில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. கரண்டி தோளால் இழுக்கிற சாமான், தோள் அவளுக்கு இன்னும் தோளாகவே இருந்தது. நடுவில் ஜெர்வே வந்து எட்டிப் பார்த்தான்.

"ஏன் சாரம்? ஏன் இன்னும் பிரைமர் அடிக்கல?"

"பொய்க்கால் வாரு அறுந்துபோச்சு" என்றேன். "சுவர் எனக்குப் பிடிக்கல. இன்னொரு கை இழுக்கச் சொன்னேன்."

"ஒதில் சுவர் உனக்குப் பிடிக்கலையா?" ஒரு மாதிரி பார்த்தான். "வெள்ளிக்கிழமை, மறந்துடாதீங்க." போய்விட்டான். ஒதில் திரும்பவே இல்லை. கரண்டி மட்டும் நின்றிருந்தது.

வியாழக்கிழமை காலையில் வந்தபோது அவள் மேலுதடும் மூக்குக்குக் கீழேயும் சிவந்து, மொண்ணை பிளேடால் சவரம் பண்ணின ஆள் மாதிரி தோல் வழண்டு இருந்தது.

"என்ன இது?"

"பூனை."

"பூனை உதட்டுலயா பிராண்டும்?"

"என் பூனை அப்படித்தான். உன் வேலையைப் பாரு."

ஹீட்டர் போட்டிருந்ததால் பட்டி காய்ந்திருந்தது. ஆனால் சாரத்தைக் காணோம். எலக்ட்ரீஷியன் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தான். "வாங்கிட்டு வர்றேன், நீ கீழ தேய்ச்சுக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவனோடு கொஞ்சம் வாக்குவாதம் ஆகிவிட்டது. அவன் வேலை முடியாமல் தரமாட்டேன் என்றான். வெறும் கையோடு திரும்பினேன்.

ஒதில் பொய்க்கால்மேல் நின்று சுவரின் உச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். தூசி பனி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டர் வயர் தரையில் சுருண்டு கிடந்தது. அவளுடைய இடது பொய்க்கால் அந்தச் சுருளுக்குள் நின்றது. அவள் பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்தாள். வயர் நகர்ந்தது. இன்னொரு அடி. வயர் கட்டைக்காலை ஒரு சுற்றுச் சுற்றி இறுகியது. உணர்ச்சி இருக்கிற காலுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும். அவள் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு தேய்த்தாள்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் திரும்புவாள், திரும்பினால் போச்சு. வாயை மூடிக்கொண்டேன்.  பூட்ஸ் சத்தம் போடாமல் நடந்தேன். அவள் அடுத்த அடிக்காகக் காலைத் தூக்கினாள். வயர் இழுத்தது. உடம்பு சாய்ந்தது. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அவள் தொடைகளைக் கட்டிப் பிடித்துச் சுவரோடு அழுத்தினேன்.

"அசையாத. மூச்சுகூட விடாத."

"மூரியேல்? என்ன ஆச்சு?"

"உன் கால்ல வயர் சுத்தியிருக்கு."

"எந்தக் கால்ல?"

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ஜெர்வே உள்ளே வந்தான். அவன் பார்த்தது இதுதான்: உயரத்தில் ஒதில் சுவரைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், கீழே நான் அவளைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை.

"இங்க என்ன நடக்குது?"

என்னிடம் பொய் தயாராக இருந்தது. வயர் நான் போட்டது, என் தப்பு, அவள் தடுக்கினாள், யாருக்கும் நடக்கும். வாயைத் திறந்தேன்.

"ஜெர்வே" என்றாள் ஒதில் மேலேயிருந்து. "என் பாதம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. வந்து அவுத்து விடு. இவ பாவம், தாங்கமாட்டா."

அவன் முட்டிபோட்டு வயரை எடுத்தான். அவளைத் தூக்கி வாளிமேல் உட்காரவைத்தான். பொய்க்கால் வார்களை அவிழ்க்கும்போது பீடத்துச் சாமான் ஒன்றையும் அவன் பாக்கி வைக்கவில்லை. இரண்டு கட்டைக்கால்களையும் கொண்டுபோய்த் தன் வண்டியில் எறிந்துவிட்டு வந்தான். எறிந்த சத்தம் உள்ளே கேட்டது. ஒதில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கை?" என்றான்.

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"நான் முட்டாள் இல்ல ஒதில். நேத்து உன் சுவர் இவளுக்குப் பிடிக்கலைன்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சுது." கூடைக்குள் கைவிட்டு மூன்று பட்டைகளை உருவினான். நம்பர் பக்கத்தைத் தன் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு முதலாவதை நீட்டினான். "படிக்காம சொல்லு. தப்பாச் சொன்னா நான் அல்மாவுக்குப் போன் போடுறேன். எனக்கும் வேற வழி இல்ல."

நான் அவன் கையைத் தட்டிவிடப் போனேன். முந்தின நாள் நான் பார்த்த அந்தப் பயந்த கண்ணை இவனும் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தது. ஒதில் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பட்டையை வாங்கினாள். கட்டைவிரலைப் பயன்படுத்தவே இல்லை. தாளை மூக்குக்குக் கீழே கொண்டுபோய், வழண்டு சிவந்திருந்த மேலுதட்டில் வைத்து, மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தாள். வலித்திருக்க வேண்டும், கண்ணோரம் சுருங்கியது.

"நூத்தெண்பது."

ஜெர்வே திருப்பிப் பார்த்தான். அடுத்ததை நீட்டினான்.

"எண்பது. இதை எங்கிட்ட வைக்காத, எரிச்சுடு."

மூன்றாவதை உதட்டில் வைத்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. ஜெர்வே என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"நூத்தம்பது" என்றாள். "ஆனா பழசு, நல்லா அடங்கிப்போனது. இதுல தேய்ச்சா நூத்தெண்பது மாதிரி வரும். இப்ப நமக்கு வேண்டியது இதுதான்."

அவன் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. பட்டையை அவள் மடியில் வைத்தான். பூனை பிராண்டின கதை எனக்கு அப்போதுதான் விளங்கியது. முந்தின நாள் வீட்டுக்குப் போனவள் கத்தையை எடுத்துவைத்துக்கொண்டு, உதடு புண்ணாகிறவரை நம்பர் நம்பராகப் படித்திருக்கிறாள்.

"தரையில நில்லு" என்றான் ஜெர்வே.  "கை எட்டுறவரைக்கும் உன் சுவர். அதுக்கு மேல என்னுது. சாரத்துல நான் ஏறுறேன். பொய்க்காலைக் கேக்காத, இனி என்னைக்கும் கேக்காத."

"பாதிச் சுவரா?" ஒதிலுக்கு முகம் சிவந்தது. "பாதிச் சுவர் யாருக்குய்யா வேணும்? ஒரே மூட்டுல நான் பாதி இழுத்து நீ பாதி தேய்ப்பியா?"

"வேணாம்னா சொல்லு."

அவள் சொல்லவில்லை. அந்த நீளச் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தாள்.  பிறகு மடியில் இருந்த பட்டையை எடுத்துக் கட்டையில் மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பிரைமர் அடித்தேன். சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், இரண்டு கிழவரும் ஒரு கிழவியும். வந்ததும் வராததுமாகக் காபி மெஷினை எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். சூரியன் விரிகுடாவுக்கு மேலே இறங்கியது. வெயில் கண்ணாடி வழியாக நுழைந்து சுவரோடு படுத்தது. ஜெர்வே தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். ஒதில் கண்ணாடிப் பக்கத்து ஓரத்தில் நின்று, கன்னத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒற்றைக் கண்ணால் நீளத்தையும் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று அதையே பார்த்தேன்.

கீழே ஒன்றும் இல்லை. மூட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வட்டம் போட இடம் தேடினேன், கிடைக்கவில்லை.

மேலே, நடுச்சுவருக்குக் கொஞ்சம் தள்ளி, ஜெர்வே தேய்த்த இடத்தில் ஒரு கோடு நிழலாய் விழுந்தது. பெரிதில்லை. கிழவர்கள் பார்க்கவே இல்லை, "அருமை, அருமை" என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பின்னால் ஜெர்வேயும் போனான், போகும்போது மேலே பார்த்துவிட்டு அவசரமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

"பார்த்தியா?" என்றாள் ஒதில்.

"பார்த்தேன்."

"பென்சிலைக் குடு."

பென்சில் பெயின்டருடையது. இத்தனை வருஷத்தில் நான் எந்தப் பட்டிக்காரரிடமும் கொடுத்ததில்லை. காதில் செருகியிருந்ததை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவே வைத்து, அவள் பிடித்துவிட்டாள் என்று பார்த்த பிறகு விட்டேன். கோட்டுக்கு நேர் கீழே போய் நின்றாள். கையை உயர்த்தி எக்கினாள். நான் பின்னாலிருந்து அவள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். பென்சில் முனை கோட்டுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. அந்த இடத்திலிருந்து மேல்நோக்கி ஒரு அம்பு போட ஆரம்பித்தாள்.

"பென்சில் கையில இருக்கான்னே தெரியல" என்றாள். "கோடு நேரா வருதா பாருடி."

"நேராத்தான் வருது" என்றேன்.